குதிரைக் குட்டியின் வாயும் பத்தாம் வகுப்பு மரபியலும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் முயலின் பற்சூத்திரம் ஓர் அலகில் வருகிறது. மரபியல் வேறோர் அலகில் வருகிறது. இரண்டுக்கும் இடையில் பல வாரங்கள் ஓடிவிடுகின்றன. முதலாவதை எண்களாகவும் இரண்டாவதைக் கட்டங்களாகவும் மனப்பாடம் செய்துகொண்டு மாணவர்கள் தேர்வுக்குப் போய்விடுகிறார்கள். இவ்விரண்டையும் ஒரே வாய்க்குள் வைத்துக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்று தேடியபோது எனக்குக் கிடைத்தது குதிரைக் குட்டி. இன்னும் சரியாகச் சொன்னால், சில குதிரைக் குட்டிகள் பிறக்கும்போதே வாயிலும் தாடையிலும் கொண்டுவரும் குறைகள்.

'திருச்சியில் குதிரைக்கு எங்கே போவது?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஜட்கா வண்டிகள் போய்விட்டன என்பது உண்மைதான். ஆனால் கழுதைப்பால் விற்பவர் இன்னும் தெருவில் வருகிறார். தாய்க்கழுதையின் பின்னால் குட்டியும் வருகிறது. கழுதையும் குதிரையும் ஈக்வஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பல் அமைப்பும் ஒன்றே. திருவரங்கத்துப் பிள்ளைகளுக்குச் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகள் பழக்கம். இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறிக்கு நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருள்வதையும் பார்த்திருக்கிறார்கள். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அய்யனார் கோயில் மண்குதிரை இருக்கிறது. ஆக, குதிரையின் தலை எல்லோருக்கும் தெரியும். வாய்க்குள் மட்டும் யாரும் பார்த்ததில்லை.

முதலில் சரியான வாய்

குறையைச் சொல்வதற்கு முன் நிறைவான வாய் எப்படி இருக்கும் என்று காட்டிவிட வேண்டும். வளர்ந்த குதிரையின் மேல்தாடையில் 6 வெட்டும் பற்கள், கீழ்த்தாடையில் 6. அவை இடுக்கியின் இரு முனைகள்போல் நேருக்கு நேர் பொருந்தும். ஆண் குதிரைக்கு 4 கோரைப்பற்கள் உண்டு; பெண் குதிரைக்குப் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் ஆணுக்குப் பொதுவாக 40 பற்கள் என்றும் பெண்ணுக்கு 36 என்றும் சொல்கிறோம். கடைவாயில் மேலும் கீழும், இடமும் வலமும் ஆறாறு அரைக்கும் பற்கள். வெட்டும் பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே நீண்ட வெற்றிடம். முயல் பாடத்தில் 'டயாஸ்டீமா' என்று எழுதிப்போட்ட அதே பல் இடைவெளிதான். கடிவாளத்தின் இரும்பு அந்த இடைவெளியில்தான் படுகிறது என்று சொன்னதும் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். மனிதன் குதிரை ஏறியதே ஒரு பல் இடைவெளியால்தான் என்று நான் கொஞ்சம் மிகைப்படுத்தியும் சொல்வதுண்டு.

இந்த இடத்தில் பசுவைக் கொண்டுவாருங்கள். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பிடித்துப் பார்த்தால் மேல்தாடையின் முன்பக்கம் எத்தனை பல் தெரியும் என்று கேளுங்கள். எட்டு, ஆறு என்று விடைகள் வரும். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைதான் 'மேலே பல்லே கிடையாது டீச்சர்' என்று சொல்லும். பசுவுக்கும் ஆட்டுக்கும் மேல்தாடை முன்புறத்தில் பல்லுக்குப் பதில் கெட்டியான ஈறுத் திண்டுதான். சந்தையில் இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயது சொல்வதெல்லாம் கீழ்ப்பற்களை எண்ணித்தான். ஆகவே மாட்டில் மேல்முன்பல் இல்லாதது இயல்பு. குதிரையில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காமல் போனால் அது குறை. எது குறை என்பதை அந்தந்த இனத்தின் வாழ்க்கை முறையை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பதை இதைவிட எளிதாக நான் வேறெங்கும் விளக்கியதில்லை.

குட்டிக்கு வருவோம். குதிரையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 11 மாதம். கழுதைக்கு ஏறத்தாழ 12 மாதம். குதிரைக் குட்டி பிறந்த முதல் வாரத்திலேயே நடு வெட்டும் பற்கள் ஈறைக் கிழித்து வெளிவந்துவிடும். அடுத்த ஜோடி ஏறக்குறைய ஆறாவது வாரத்தில், ஓரப் பற்கள் ஆறாவது மாதத்தில். பால்பற்கள் மொத்தம் 24. மனிதக் குழந்தைக்கு 20 என்பதைப் பக்கத்தில் எழுதினால் பற்சூத்திரப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். முயலின் வெட்டும் பல் வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்குக் குறையாது. குதிரையின் பல் அப்படி வளர்வதில்லை. ஈறுக்குள் நீளமாகப் புதைந்திருக்கும் பல், தேயத் தேய ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் மேலே ஏறிவருகிறது. இரண்டு விலங்குகளிலும் எதிர்ப்பல் தேய்த்துக்கொடுத்தால்தான் பல் அளவோடு நிற்கும். எதிரே பல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இனி வரும் கதை.

கிளி வாய்

மேல்தாடை முன்னால் நீட்டிக்கொண்டு, கீழ்த்தாடை பின்தங்கிப் பிறக்கும் குட்டிகளைக் 'கிளி வாய்' என்பார்கள். உலகெங்கும் கிளியின் பெயரால்தான் அழைக்கிறார்கள். குதிரைக் குட்டிகளின் தாடைக் குறைகளில் அதிகம் பார்க்கப்படுவது இதுதான். மேல்வெட்டும் பற்கள் எதிர்ப்பல்லின் தடையில்லாமல் கீழ்நோக்கி இறங்குகின்றன. கீழ்வெட்டும் பற்கள் அவற்றுக்குப் பின்னால் ஏறி, மோசமான நிலையில் அண்ணத்தையே குத்துகின்றன. முன்னால் நடப்பதன் விளைவு பின்னாலும் தெரியும். மேல்வரிசை முழுவதும் சற்று முன்னே நகர்ந்திருப்பதால், மேலே முதல் அரைக்கும் பல்லின் முன்விளிம்பும் கீழே கடைசி அரைக்கும் பல்லின் பின்விளிம்பும் தேயாமல் கொக்கிபோல் வளர்ந்துவிடுகின்றன. கால்நடை மருத்துவர் அவ்வப்போது அரம் கொண்டு அவற்றைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இப்படிப் பிறந்த குட்டி செத்துவிடுமா? மாணவர்களின் முதல் கேள்வி எப்போதும் இதுதான். பெரும்பாலும் இல்லை. பால் குடிக்க நாக்கும் உதடும் போதும். வளர்ந்தபின் குட்டையான புல்லைக் கடித்து மேய்வதுதான் சிரமம். நறுக்கிய தீவனம் போட்டால் குதிரையின் மேலுதடு விரல்போல அள்ளிக்கொள்ளும், கடைவாய் அரைத்துக்கொள்ளும். பல்லைக் கவனித்துவந்தால் கிளி வாய்க் குதிரை நன்றாகவே வாழும்.

தாடை வளர்ந்துகொண்டிருக்கும் முதல் சில மாதங்களில் மேல்வெட்டும் பற்களைக் கம்பியால் கடைவாய்ப் பற்களோடு இழுத்துக் கட்டி, மேல்தாடையின் முன்வளர்ச்சியைச் சற்றுத் தடுத்து, கீழ்த்தாடை எட்டிப்பிடிக்க வழிசெய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். நம் பிள்ளைகளுக்குப் பல் சீரமைப்புக் கம்பி போடுவதுபோலத்தான். இந்தக் கம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக் கேள்வியில் திரும்ப வரும்.

கிளி வாய்க்கு நேர் எதிரானதும் உண்டு. கீழ்த்தாடை நீண்டு, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் நிற்கும். இது குறைவாகவே காணப்படுகிறது. காரணத்தைப் பற்றிப் பேசும்போது மிகவும் பயன்படப்போவது இந்தக் குறைதான். மூன்றாவதாக, மேல்தாடையும் மூக்குத் தண்டும் ஒரு பக்கமாக வளைந்து பிறக்கும் 'கோணல் மூக்கு'. குதிரையால் வாய்வழியாக மூச்சுவிட முடியாது. அதன் மெல்லண்ணம் மிக நீளமானது, வாய்க்கும் மூச்சுப்பாதைக்கும் நடுவில் கதவுபோல் மூடிநிற்கிறது. எனவே மூக்கு வளைவு சற்றே என்றால் பிழைத்துக்கொள்ளும். அதிகம் என்றால் மூச்சே சிக்கல்.

மூக்கில் வழியும் பால்

நான்காவது குறையில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இதில் உயிர் இருக்கிறது. அண்ணப் பிளவு.

கருவின் தொடக்க வாரங்களில் அண்ணம் ஒரே தகடாக உருவாவதில்லை. இடப்பக்கத்திலிருந்து ஒரு மடலும் வலப்பக்கத்திலிருந்து ஒரு மடலும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டிக்கொள்கின்றன. முதலில் அவ்விரண்டுக்கும் நடுவே நாக்கு நிற்கிறது. நாக்கு கீழே இறங்கினால்தான் மடல்கள் சேர முடியும். அந்தச் சில நாட்களில் ஏதோ ஒன்று தவறினால் நடுவில் பிளவு நின்றுவிடும். இரு உள்ளங்கைகளையும் முகத்துக்கு முன்னால் படுக்கைவசத்தில் கொண்டுவந்து விரல்நுனிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு நடுவில் ஒரு பென்சிலை நிறுத்திச் சேர்க்கச் சொல்லுங்கள். படம் வரைவதைவிட இது விரைவில் புரிகிறது.

பிளவோடு பிறந்த குட்டியை வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. குதிரையில் பிளவு பெரும்பாலும் பின்பக்க மெல்லண்ணத்தில்தான் இருக்கும். உதடு நன்றாகவே இருக்கும். குட்டி எழுந்து நிற்கும், மடியைத் தேடும், குடிக்கும். குடித்தவுடன் இரு மூக்குத் துளைகளிலும் பால் வழியும். 'நிறையக் குடிச்சிடுச்சு' என்று வீட்டார் சிரித்துக்கொண்டே துடைத்துவிடுவார்கள். வழிந்த பாலில் ஒரு பகுதி மூச்சுக்குழலுக்குள்ளும் போயிருக்கும். இரண்டொரு நாளில் நுரையீரல் அழற்சி.

இதில் இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. மனிதத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் தொப்புள்கொடி வழியே கருவுக்குச் சென்றுவிடுகின்றன. குதிரையின் நச்சுக்கொடி அமைப்பு அவற்றை விடுவதில்லை. குட்டி ஏறக்குறைய எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறந்து, சீம்பாலிலிருந்துதான் அதைப் பெறுகிறது. குடல் அந்தப் பெரிய புரதங்களை முழுதாக உறிஞ்சுவது ஏறத்தாழ முதல் 24 மணி நேரம் மட்டுமே. அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். நலமான குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும் என்று குதிரை வளர்ப்பவர்கள் கணக்கு வைப்பது இதனால்தான். வாயில் குறையுள்ள குட்டி இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டால் சாவது வாய்க்குறையால் அன்று, சீம்பால் கிடைக்காததால். பல குட்டிகளின் கதை இதுதான்.

கழுதை, குதிரை வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களிடம் மூன்று செய்திகளைச் சொல்லி அனுப்பலாம். மூக்கில் பால் வந்தால் பாட்டிலை வாயில் திணிக்கக் கூடாது. சீம்பாலைக் கறந்து, மருத்துவர் குழாய் வழியே செலுத்தும்வரை பத்திரப்படுத்த வேண்டும். கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணுக்கோ உடனே சொல்ல வேண்டும். மூக்கில் பால் வருவதெல்லாம் பிளவு அன்று. பலவீனமான குட்டிக்கு விழுங்கத் தெரியாமலும் வரும். எது என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். திருச்சிக்கு அருகில் ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பிளவை அறுவையால் மூடலாம் என்றாலும் அது கடினமான அறுவை. எல்லாக் குட்டியும் தேறும் என்று சொல்வதற்கில்லை. இதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

கூடவே ஓர் எச்சரிக்கை. 'பார்க்கிறேன் பேர்வழி' என்று எந்த மாணவரும் எந்த விலங்கின் வாயிலும் கைவிடக் கூடாது. கடி ஒருபுறம் இருக்கட்டும். எச்சில் ஒழுகி விழுங்கச் சிரமப்படும் விலங்குக்கு வெறிநோயாகவும் இருக்கலாம். கள ஆய்வு என்றால் கண்ணும் குறிப்பேடும் மட்டும்தான்.

ஒரே வாய், இரண்டு காரணம்

ஒரு முறை ஒரு மாணவி கேட்டாள்: "அம்மா குதிரைக்கும் அப்பா குதிரைக்கும் வாய் நல்லா இருந்தா குட்டிக்கு எப்படி டீச்சர் வரும்?" மரபியல் அலகின் வாசல் இந்தக் கேள்விதான். வகுப்பு உடனே 'ஒடுங்கு பண்பு' என்று விடை சொல்லும். பாதி சரி.

மினியேச்சர் குதிரை என்று ஒரு குட்டை இனம் உண்டு. அதில் சில குட்டிகள் கால் குறுகி, நெற்றி புடைத்து, கீழ்த்தாடை முன்னால் நீண்டு பிறக்கின்றன. அக்ரிகேன் என்ற குருத்தெலும்புப் புரதத்துக்கான ஜீனில் ஏற்பட்ட மாற்றங்கள் இதற்குக் காரணம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமந்தால் இருவருக்கும் வாய் சரியாகவே இருக்கும். குட்டிக்கு இரண்டு பழுதும் சேர நான்கில் ஒரு வாய்ப்பு. மெண்டலின் கட்டத்தில் அழகாகப் பொருந்தும் எடுத்துக்காட்டு.

இப்போது கனடாவின் மேற்கு மாகாணங்களுக்குப் போவோம். அங்கும் குதிரைக் குட்டிகள் கீழ்த்தாடை நீண்டு பிறந்தன. கர்ப்பகாலம் வழக்கத்தைவிட நீண்டிருந்தது; கால் எலும்புகளோ முற்றாமல் இருந்தன; தைராய்டு சுரப்பியில் மாற்றம் தெரிந்தது. 1990-களில் கால்நடை ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஜீன் அன்று; தாயின் தீவனத்தோடுதான் தொடர்பு தெரிந்தது. பச்சையாக அறுத்துக் காயவைத்த தானியப் பயிரில் நைட்ரேட் அதிகம் இருந்தது. தாதுப்புக் கலவை கொடுக்கவில்லை, அயோடின் போதவில்லை. நைட்ரேட் அயோடினைத் தைராய்டுக்குள் போகவிடாமல் தடுக்கும். கருவிலிருக்கும் குட்டிக்குத் தைராய்டு ஹார்மோன் குறைந்து, எலும்பு வளர்ச்சி தடம் மாறிவிட்டது.

மினியேச்சர் குட்டியின் வாயும் கனடாக் குட்டியின் வாயும் ஒரே மாதிரி. முன்னதற்குக் காரணம் பெற்றோர் தந்த ஜீன். பின்னதற்குக் காரணம் தாய் தின்ற தீவனம். கரும்பலகையில் இரண்டு வாயையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, 'இதில் எது பரம்பரை?' என்று கேளுங்கள். வாயைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் இந்தப் பாடத்தை நடத்துவதே அந்த அரை நிமிட அமைதிக்காகத்தான்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் லூபின் என்ற செடியைச் சினைப்பசுக்கள் மேய்ந்ததால் கன்றுகள் வளைந்த கால்களோடும் அண்ணப் பிளவோடும் பிறந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் செடியின் நச்சு கருவை அசைய விடாமல் மயக்கத்தில் வைக்கிறது. கரு அசையாதபோது நாக்கும் நகர்வதில்லை. மடல்கள் சேர வேண்டிய நாட்களில் நாக்கு நடுவிலேயே கிடக்கிறது. பென்சிலை வைத்துப் பார்த்தோமே, அதேதான்.

தமிழ்நாட்டிலிருந்தே இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து கடல்வழியே ஏராளமான குதிரைகள் இறக்குமதியாவதைப் பற்றி எழுதியிருக்கிறார். நல்ல பெண் குதிரையை நல்ல ஆண் குதிரையோடு சேர்த்தாலும் இந்நாட்டில் கால் கோணிய, சவாரிக்கு உதவாத சிறு குட்டிதான் பிறக்கிறது என்பது அவர் குறிப்பு. குதிரைகளுக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் போடுகிறார்கள் என்றும் வியந்திருக்கிறார். அவர் பேசியது வாயைப் பற்றியன்று, காலைப் பற்றி. ஆனாலும் நமக்கு வேண்டிய குறிப்பு அதில் இருக்கிறது: தாயும் தந்தையும் நல்ல குதிரைகள், குட்டி கோணல். மாணவர்களிடம் இதை ஒரு வழக்குப்போலக் கொடுத்து, 'மரபா, உணவா, தட்பவெப்பமா? எதைத் தெரிந்துகொண்டால் முடிவுக்கு வரலாம்?' என்று கேட்டுப்பாருங்கள். சமூக அறிவியல் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டால் பாடவேளை போதாது.

கிளி வாய்க்கு வந்தால் மட்டும் கவனம் தேவை. அது சில குதிரைக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருவதால் மரபின் பங்கு உண்டு என்றே கருதுகிறார்கள். ஆனால் ஒற்றை ஜீன், ஓங்கு, ஒடுங்கு என்று பட்டாணிச்செடிபோல அதைக் கட்டத்தில் அடைத்துவிட முடியாது. மேல்தாடையின் நீளமும் கீழ்த்தாடையின் நீளமும் பல ஜீன்கள் சேர்ந்து முடிவுசெய்பவை. எளிமைக்காக 'கிளி வாய் ஒடுங்கு பண்பு' என்று எழுதிப்போட நமக்குக் கை நீளும், எழுதாதிருப்பது நல்லது.

நான்கு கட்டங்கள்

நான் கரும்பலகையில் போடும் கட்டம் மெண்டலுடையது அன்று. மேலே 'பிறக்கும்போதே உண்டு', 'பிறகு வருவது' என்று இரண்டு தலைப்பு. பக்கவாட்டில் 'ஜீன் வழி', 'ஜீன் வழி அல்ல' என்று இரண்டு. மாணவர்கள் எடுத்துக்காட்டுகளைச் சொல்லி நிரப்ப வேண்டும். குட்டைக் குதிரை முதல் கட்டத்தில் போய்விடும். கனடாக் குட்டி 'பிறக்கும்போதே உண்டு, ஜீன் வழி அல்ல' என்ற கட்டத்தில். விபத்தில் உடைந்த பல் நான்காவது கட்டத்தில். 'பிறகு வருவது, ஆனால் ஜீன் வழி' என்ற கட்டம்தான் வெகுநேரம் காலியாகக் கிடக்கும். கடைசியில் யாராவது தாத்தா, அப்பா வழுக்கையைச் சொல்வார்கள். வகுப்பு சிரித்து முடிக்கும்போது, 'பிறவி' என்பதும் 'பரம்பரை' என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பது புரிந்திருக்கும். நம் பேச்சுவழக்கில் இவ்விரண்டு சொற்களையும் ஒன்றாகவே புழங்குகிறோம். 'பிறவிலயே அப்படி' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் 'அவங்க பரம்பரையே அப்படி' என்று எடுத்துக்கொள்கிறார். ஒரு வீட்டில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் அந்த ஒரு சொல்லில் நின்றுபோகிறது.

நான் குதிரையைத் தேடிப்போனதற்கு உண்மையான காரணமும் இதுதான். மேலுதட்டில் தழும்போடு, மூக்கொலியில் பேசும் ஒரு பிள்ளை நம் வகுப்பில் இருக்கலாம். உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ கொண்டு பிறக்கிறது. ஒரு பெரிய பள்ளியில் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. மனித எடுத்துக்காட்டோடு பாடத்தைத் தொடங்கினால் நாற்பது தலைகள் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பும். கண்ணாடி கொண்டுவந்து அவரவர் பல்வரிசையைப் பார்க்கச் சொல்லும் செயல்பாட்டையும் இதே காரணத்துக்காக நான் செய்வதில்லை. குதிரையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கரும்பலகையைப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளையும் பார்க்கிறது. தனக்கு நேர்ந்தது என்ன என்பதை, யாரும் தன்னைப் பார்க்காத நேரத்தில், தெரிந்துகொள்கிறது.

கிரகணப் பேச்சு எப்படியும் வரும். கர்ப்பிணி கிரகணத்தின்போது கத்தியைத் தொட்டால் பிள்ளையின் உதடு பிளக்கும் என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பார்கள். 'மூடநம்பிக்கை' என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் கணக்குப் போட வையுங்கள். குழந்தையின் உதடு கருவின் 4 முதல் 7 வாரங்களுக்குள் சேர்ந்துவிடுகிறது. அண்ணம் 6 முதல் 9 வாரங்களுக்குள். வீட்டில் யாரைக் கிரகணத்துக்கு உள்ளே உட்காரச் சொல்கிறார்கள்? வயிறு தெரியும் ஆறு, ஏழு மாதக் கர்ப்பிணியை. அப்போது உதடு ஒட்டியாகி நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். குதிரைக்குக் கத்தியும் இல்லை, காய்கறி நறுக்கும் வேலையும் இல்லை என்று ஒரு மாணவன் தானாகவே சொன்னான்.

பெரும்பாலான பிளவுகளில் ஜீனும் சூழலும் கலந்தே வேலை செய்கின்றன. தாயின் புகைப்பழக்கம், கருவுறுமுன்பே இருக்கும் நீரிழிவு, வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தமிழாசிரியரின் உதவியும் இங்கே கிடைக்கும். எட்டாம் வகுப்பில் 'எழுத்துகளின் பிறப்பு' படித்த பிள்ளைகள் இவர்கள். ககரத்துக்கு நாவின் அடிப்பகுதி அண்ணத்தின் அடியைத் தொடுகிறது, சகரத்துக்கு இடைப்பகுதி, டகரத்துக்கு நுனி. அந்த அண்ணம் சரியாக மூடாவிட்டால் காற்று மூக்குவழியே போய்விடும். க, ச, ட, த, ப என்ற வல்லினமெல்லாம் மெலிந்து ஒலிக்கும். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கத் தயங்கும் பிள்ளைக்குப் பாடம் தெரியவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

உதட்டுப் பிளவுக்கு முதல் ஆண்டுக்குள்ளும் அண்ணப் பிளவுக்கு ஒன்றரை வயதுக்குள்ளும் அறுவை செய்வதே நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் தாமதமாகிவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சியும் பல் சீரமைப்பும் பள்ளி வயதிலும் தொடரலாம். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகிறது. அவர்கள் பரிசோதிக்கும் பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இருக்கின்றன. அங்கிருந்து மாவட்ட இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கிடைக்கும். குழு வரும் நாளில் அந்தப் பிள்ளை விடுப்பில் இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வது வகுப்பாசிரியரின் கையில்தான் இருக்கிறது.

மதிப்பீட்டுக்கு

திருவரங்கத்துப் பிள்ளைகளுக்கு நான் தரும் செயல்திட்டம் எளியது. சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளில் ஒன்றையோ, ஊர் அய்யனார் கோயில் மண்குதிரையையோ தொடாமல் பக்கவாட்டில் நின்று தலையை மட்டும் வரைந்துவர வேண்டும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே சந்திக்கின்றன? வாய் திறந்திருந்தால் எந்தப் பற்கள் தெரிகின்றன? கடிவாளம் எந்த இடத்தில் இருக்கிறது? சிற்பியும் குயவரும் கற்பனைக்கு இடம் கொடுத்தவர்கள். அவர்களைத் திருத்துவது நோக்கமன்று. உண்மைக் குதிரையின் பல் இடைவெளி மனதில் பதிவதற்காகத்தான்.

எழுத்துத் தேர்வுக்கு ஒரு கேள்வி. ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடுகிறது. வாங்க வருபவர்கள் சுழி பார்ப்பார்கள், பல்லும் பார்ப்பார்கள். (எனக்கு இரண்டாவதில்தான் மரியாதை.) கேள்வி இப்படி: 'குட்டியாக இருந்தபோது கிளி வாய் இருந்து, கம்பி கட்டிச் சரிசெய்யப்பட்ட ஓர் ஆண் குதிரை சந்தைக்கு வருகிறது. இப்போது பற்கள் நன்றாகப் பொருந்துகின்றன. சவாரிக்கு வாங்க ஒருவரும், இனவிருத்திக்கு வாங்க இன்னொருவரும் வருகிறார்கள். பழைய கதையை உரிமையாளர் யாரிடம் சொல்ல வேண்டும்? ஏன்?'

புறத்தோற்றம் மாறியிருக்கிறது, ஜீனாக்கம் மாறவில்லை என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண். கால்நடை மருத்துவர்களும் கம்பி கட்டுமுன் இதைத்தான் உரிமையாளரிடம் சொல்கிறார்கள்: திருத்திய வாயோடு அந்தக் குதிரையை இனவிருத்திக்கு விட வேண்டாம். சென்ற ஆண்டு ஒரு மாணவன் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தான்: 'இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும். சவாரிக்கு வாங்குபவர் கடைவாயில் கொக்கி வளர்கிறதா என்று ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்ட வேண்டுமே.' அவனுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, விடைக்குறிப்பில் அந்த வரியையும் சேர்த்துக்கொண்டேன்.